குமிழிலிருந்து கண்ணுக்கு

1924-இல் கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் கென்ரிக், கில்பர்ட், விஸ்மர் என்ற மூன்று வேதியியலாளர்கள் ஒரு சிறிய சோதனை செய்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது டைஎத்தில் ஈதர் என்ற திரவம். அது 34.6 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அக்கினி நட்சத்திரத்தில் வேலூரில் ஒரு கிண்ணத்தில் ஊற்றி வைத்தால் அடுப்பே தேவைப்படாது. அந்த ஈதரைச் சுத்தமான, வழவழப்பான கண்ணாடிக் குழாயில் அடைத்து, அழுத்தம் கொடுத்து, 140 டிகிரி வரை சூடாக்கினார்கள். பிறகு அழுத்தத்தைச் சட்டென்று விட்டார்கள். கொதிநிலையைத் தாண்டி நூறு டிகிரிக்கு மேல் ஏறியிருந்தும் ஈதர் உடனே கொதிக்கவில்லை. அசையாமல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் திடீரென்று பொங்கியது. திரும்பச் செய்தால் காத்திருக்கும் நேரம் வேறாக இருந்தது. ஒருமுறை சில நொடிகள், இன்னொருமுறை ஒரு நிமிடத்துக்கு மேல். காரணம் பிடிபடவில்லை. அடுத்தடுத்து 30 முறை எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்ற பட்டியலை அப்படியே கட்டுரையில் அச்சிட்டுவிட்டார்கள்.

அந்தப் பட்டியல் கால் நூற்றாண்டுக்கு மேல் நூலகங்களில் தூங்கியது. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த டொனால்ட் கிளேசர் என்ற இளம் இயற்பியலாளர் அதை எடுத்துப் படித்தார். எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்தார். சுமார் 60 நொடி வந்தது. எண்கள் சிதறிக் கிடந்த விதமும், ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தற்செயலாக நடக்கும் நிகழ்வுகளுக்குக் கணிதத்தில் சொல்லப்படும் பாய்சான் பரவலோடு ஒத்துப்போனது. அந்தச் சிறு குழாயை டொரண்டோவில் ஒரு காஸ்மிக் கதிர்த் துகள் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை துளைத்துப் போகும் என்று அடுத்த கணக்கைப் போட்டார். இரண்டு கணக்கும் பொருந்தின. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் நிமிடத்துக்கு ஏறக்குறைய மியூவான் என்ற காஸ்மிக் கதிர்த் துகள் ஒன்று இறங்குகிறது என்பது இன்று எந்த இயற்பியல் மாணவருக்கும் தெரிந்த கணக்கு. இந்தப் பக்கத்தைப் பிடித்திருக்கும் உங்கள் கையையும் அவை துளைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

விண்ணிலிருந்து வந்த துகள்கள்தாம் டொரண்டோ ஈதரைக் கொதிக்க வைத்திருக்கின்றன. அந்த மூன்று வேதியியலாளர்களும் தங்களை அறியாமலே ஒரு துகள் கண்டறியும் கருவியைச் செய்து வைத்திருந்தார்கள். அதைக் கண்டுகொண்டவர் கிளேசர்.

நான் தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டின் அணுக்கரு இயற்பியல் தாளில், கிளேசர் இதிலிருந்து உருவாக்கிய குமிழ் அறை என்ற கருவி ஒரு பாடம். ‘குமிழ் அறையின் அமைப்பையும் செயல்படும் விதத்தையும் படத்துடன் விளக்குக’ என்று தேர்வில் கேள்வி வரும். பாடநூலில் ஒன்றரைப் பக்கம் இருக்கும். கிளேசர், 1952, நோபல் பரிசு, அவ்வளவுதான். அந்த மனிதர் அதற்குப் பிறகு என்ன ஆனார் என்பது எந்தப் பாடநூலிலும் கிடையாது. நோபல் வாங்கிய கையோடு அவர் துகள் இயற்பியலை விட்டுவிட்டு உயிரியலுக்குப் போனார். பிறகு அதையும் தாண்டி, மனித மூளை எப்படிப் பார்க்கிறது என்ற கேள்வியில் கடைசி வரை மூழ்கிக் கிடந்தார். குமிழ் அறையை நடத்தி முடித்த பிறகு இந்தக் கதையையும் வகுப்பில் சொல்வது என் வழக்கம். பாடத்தைவிட இதைத்தான் பிள்ளைகள் கவனித்துக் கேட்பார்கள்.

கிளேசர் 1926-இல் ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். இசையில் நல்ல தேர்ச்சி. பதினாறு வயதில் ஊர் இசைக்குழுவில் வயோலா வாசித்தவர், கடைசிவரை அதைக் கீழே வைக்கவில்லை. உள்ளூரிலேயே பட்டம் பெற்று, முனைவர் பட்டத்துக்குக் கலிஃபோர்னியாவின் கால்டெக் போனார். அங்கே அவருக்கு வாய்த்த வழிகாட்டி கார்ல் ஆண்டர்சன். எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானை 1932-இல் ஒரு புகைப்படத்தில் கண்டுபிடித்து நோபல் பெற்றவர்.

அந்தப் புகைப்படம் மேக அறையில் எடுத்தது. ஸ்காட்லாந்துக்காரரான சி.டி.ஆர். வில்சன் உருவாக்கிய கருவி அது. நீராவி நிறைந்த காற்றைச் சட்டென்று விரியவிட்டால் அது குளிர்ந்து, துளியாவதற்கு ஓர் இடம் தேடி நிற்கும். அந்த நேரத்தில் மின்னூட்டம் உள்ள துகள் ஒன்று ஊடே போனால், போன வழியெல்லாம் மெல்லிய பனிக்கோடு விழும். கண்ணால் எந்நாளும் பார்க்க முடியாத துகளின் பாதையைக் கோடாகப் பார்த்துவிடலாம். 1947-இல் மான்செஸ்டரில் ரோச்செஸ்டரும் பட்லரும் இப்படி எடுத்த சுமார் 5,000 படங்களில் இரண்டில் மட்டும், யாரும் எதிர்பாராத V வடிவத் தடங்கள் இருந்தன. ஏற்கெனவே தெரிந்த எந்தத் துகளுக்கும் அவை பொருந்தவில்லை. 1950-இல் ஆண்டர்சன் குழு மேலும் 34 தடங்களைப் பிடித்தது. விசித்திரத் துகள்கள் என்றே அவற்றுக்குப் பெயர் விழுந்தது. உலகெங்கும் மலை உச்சிகளில் மேக அறையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நம் உதகமண்டலத்திலும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 1950-களில் பெரிய மேக அறை ஒன்றை அமைத்துக் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார்கள்.

5,000 படத்துக்கு இரண்டு என்றால் ஓர் ஆராய்ச்சியாளரின் ஆயுள் போதாது. மேக அறையின் குறை அதற்குள் இருக்கும் வாயுதான். அடர்த்தி குறைவு என்பதால் பெரும்பாலான துகள்கள் எதிலும் மோதாமலே போய்விடும். ஒரு படம் எடுத்தபின் அடுத்த படத்துக்குத் தயாராகவும் நேரம் பிடிக்கும். வாயுவின் இடத்தில் திரவம் இருந்தால் மோதல்கள் பல நூறு மடங்கு கூடும். ஆனால் திரவத்தில் தடத்தை எப்படி வரவழைப்பது? மிச்சிகனில் வேலைக்குச் சேர்ந்த கிளேசர் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அழுத்தம் கூடுவதால் தண்ணீரின் கொதிநிலை 120 டிகிரியை ஒட்டிப் போகிறது. அந்த அழுத்தம் ஒரே நொடியில் மறைந்தால், தண்ணீர் தன் வழக்கமான கொதிநிலையைவிட இருபது டிகிரி அதிகச் சூட்டில் மாட்டிக்கொள்ளும். பாத்திரத்தின் சொரசொரப்பும் தூசும் குமிழ் தொடங்க இடம் கொடுப்பதால் அக்கணமே பொங்கிவிடும். சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாகவும் திரவம் சுத்தமாகவும் இருந்தால், குமிழ் தொடங்க இடமில்லாமல் அது தவித்து நிற்கும். கிளேசருக்கு வேண்டியது அந்தத் தவிப்புத்தான். துகள் ஒன்று ஊடே பாய்ந்து, வழிநெடுகக் குமிழ்களைக் கிளப்பிவிட்டால் போதும்.

பீர் குவளையில் குமிழ்கள் எழுவதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்ற கதை ஊர் உலகமெல்லாம் சுற்றுகிறது. அவரே பிற்காலத்தில் அதை மறுத்தார். பீர், சோடா, இஞ்சி பானம் ஆகியவற்றைத் திறந்து, கதிரியக்கப் பொருளை அருகில் வைத்தும் எடுத்தும் சோதித்தது உண்மை. அதனால் எந்த மாற்றமும் தெரியவில்லை. உண்மையில் வழி திறந்தது, முதலில் சொன்ன அந்த 30 எண்கள் வழியாக. எனக்கு இந்த உண்மைக் கதைதான் பிடிக்கும். தனக்குப் புரியாத எண்ணை மறைக்காமல் அச்சிட்டவர்களுக்கும், பழைய தாளைப் புரட்டிப் பார்த்தவருக்கும் அதில் பங்கு இருக்கிறது.

கிளேசர் ஈதரைக் குழாயில் அடைத்து, எண்ணெய்க் குளியலில் சூடாக்கினார். பக்கத்தில் ஈயப் பெட்டிக்குள் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள். பெட்டியைத் திறந்து கதிர் வெளியே வந்ததுதான் தாமதம், ஈதர் பொங்கியது. அடுத்து, நொடிக்கு ஆயிரக்கணக்கில் படம் பிடிக்கும் கேமராவை வைத்தார். முழுத் திரவமும் பொங்குவதற்கு முந்தைய கணத்தில், குமிழ்கள் ஒரு நேர்கோட்டில் வரிசையாக நிற்பது படத்தில் விழுந்தது. அந்த முதல் கண்ணாடிக் குமிழ் அறை 1 சென்டிமீட்டர் அகலம், 2 சென்டிமீட்டர் நீளம்தான் இருந்தது. 1952-இல் ஆய்விதழில் செய்தி வெளியானது.

அவர் எந்தக் கோட்பாட்டை நம்பி இதில் இறங்கினாரோ அது பிற்பாடு நிற்கவில்லை. துகள் விட்டுச்செல்லும் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் குமிழ் பெரிதாகிறது என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். துகள் போகும் வழியில் மிகச் சிறிய இடங்கள் சட்டென்று சூடேறுவதுதான் காரணம் என்று 1958-இல் ஃபிரெடரிக் சைட்ஸ் விளக்கினார். இன்று ஏற்கப்படுவது அவருடைய விளக்கம். கோட்பாடு மாறினாலும் கருவி வேலை செய்தது.

1953-இல் வாஷிங்டனில் அமெரிக்க இயற்பியல் கழகக் கூட்டம் நடந்தது. ஹோட்டல் தோட்டத்தில் சாப்பாட்டு மேஜையில், பெர்க்லியைச் சேர்ந்த லூயி ஆல்வாரெஸின் பக்கத்தில் அறிமுகமில்லாத ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை கடைசி அமர்வில் தனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள், அந்நேரம் யார் இருக்கப் போகிறார்கள் என்று வருத்தப்பட்டார். தானும் இருக்கப் போவதில்லை என்று ஆல்வாரெஸ் உண்மையைச் சொல்லி, என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்டார். கிளேசர் படங்களை எடுத்துக் காட்டினார். அன்றே ஆல்வாரெஸ் மனதில் திட்டம் உருவாகிவிட்டது. ஈதரின் இடத்தில் திரவ ஹைட்ரஜனை வைத்தால் எதிரே நிற்பது வெறும் புரோட்டான்தான். மோதல் கலப்படமில்லாமல் இருக்கும். பெர்க்லியில் ஒன்றரை அங்குலத்தில் தொடங்கிய ஹைட்ரஜன் குமிழ் அறை 1959-இல் 72 அங்குலத்துக்கு வளர்ந்தது. இந்தச் சம்பவத்தை ஆல்வாரெஸ் 1968-இல் தாம் நோபல் பெற்றபோது ஆற்றிய உரையில் சொல்லியிருக்கிறார்.

குமிழ் அறையின் பொற்காலம் அது. 1964-இல் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் படங்களை எடுத்து, கோட்பாட்டு இயற்பியலாளர் கெல்-மான் முன்கூட்டியே சொல்லியிருந்த ஒமேகா-மைனஸ் துகளைக் கண்டுபிடித்தார்கள். 1973-இல் செர்ன் ஆய்வகத்தின் கார்கமெல் குமிழ் அறை, நியூட்ரினோக்கள் மின்னூட்டம் மாறாமல் மோதிச் செல்லும் புதுவகை நிகழ்வைக் காட்டி, மின்காந்த விசையும் வலுவற்ற விசையும் ஒன்றே என்ற கோட்பாட்டுக்கு வலுச் சேர்த்தது. பிறகு மின்னணுக் கருவிகள் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. குமிழ் அறை அடியோடு மறைந்துவிடவும் இல்லை. கனடாவின் ஸ்னோலேப் ஆய்வகத்தில், தரைக்கு 2 கிலோமீட்டர் ஆழத்தில், கரும்பொருளைத் தேடும் பிக்கோ குழு இன்றும் குமிழ் அறையைத்தான் நம்பியிருக்கிறது. குமிழ் உருவாகும்போது எழும் ஒலியைக்கூட அவர்கள் பதிவுசெய்து அலசுகிறார்கள். கொல்கத்தாவின் சாகா நிறுவனமும் அந்தக் குழுவில் இருக்கிறது.

கிளேசருக்கு 1960-இல் நோபல் பரிசு தனியாகக் கிடைத்தது. வயது 34. அதற்கு முந்தைய ஆண்டுதான் பெர்க்லிக்கு வந்திருந்தார்.

நோபல் பெற்ற அடுத்த ஆண்டே கோபன்ஹேகனுக்குப் போய் உயிரியல் படிக்கத் தொடங்கினார்.

இந்த இடத்தில் வகுப்பில் யாராவது ஒருவர் தவறாமல் எழுந்துவிடுவார். “நோபல் வாங்கின துறையையே விட்டுட்டு ஏன் சார் போனாரு?”

கிளேசரே காரணம் சொல்லியிருக்கிறார். விரலளவு கண்ணாடியில் தொடங்கிய அவருடைய கருவி ஒரு கட்டடத்தை நிரப்பும் இயந்திரமாகிவிட்டது. முடுக்கி ஓரிடம், குமிழ் அறை ஓரிடம், படம் பார்க்கும் கூடம் ஓரிடம். ஒரு கட்டுரைக்குப் பல பேர் கையெழுத்து. எதை ஆராய்வது என்று குழுக் கூடி முடிவெடுக்க வேண்டும். தன் கையால் செய்து, தானே யோசித்து முடிவெடுக்கும் வேலையே அவருக்குப் பிடித்தமானது. நோபல் பரிசு கொடுத்த சுதந்திரத்தை அதற்காகப் பயன்படுத்திக்கொண்டார். இதைத் தப்பி ஓடியதாகச் சிலர் நினைக்கலாம். பரிசை வைத்துக்கொண்டு அதே நாற்காலியில் முப்பது ஆண்டு உட்கார்ந்திருக்க அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. எழுந்து போய், நுண்ணுயிரியலின் அடிப்படையிலிருந்து மறுபடி மாணவரானார். எனக்கு அது துணிச்சலாகத்தான் படுகிறது.

உயிரியலுக்குப் போயும் கை பழைய வேலையை மறக்கவில்லை. பெர்க்லியில் அவர் ஆராய்ந்தது ஈ.கோலை பாக்டீரியாவையும், புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.வுக்கு இழைக்கும் சேதத்தையும், செல் அதைச் சரிசெய்துகொள்ளும் விதத்தையும். மற்றவர்கள் பெட்ரி தட்டுகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், பெரிய பெரிய அகார் தட்டுகளில் பாக்டீரியாக் குடியிருப்புகளை வளர்த்து, கேமராக்களால் வரிசையாகப் படம் பிடித்து, எவை எப்படி வளர்கின்றன என்று கணினியே அலசும் இயந்திரத்தை அவர் கட்டினார். 1971-இல் ரொனால்ட் கேப், பீட்டர் ஃபார்லி ஆகியோருடன் சேர்ந்து சீட்டஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். உலகின் முதல் உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களில் அது ஒன்று. அங்கே வேலை பார்த்த கேரி முல்லிஸ் 1983-இல் பி.சி.ஆர். முறையைக் கண்டுபிடித்து, பத்தாண்டு கழித்து வேதியியல் நோபல் பெற்றார். கொரோனா காலத்தில் நம் எல்லோர் மூக்கிலும் குச்சி விட்டுச் செய்த ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனையின் வேர் அந்தச் சீட்டஸ் ஆய்வகத்தில் இருக்கிறது.

பலரும் இந்த வாழ்க்கையை மூன்று துண்டுகளாகப் பிரித்துச் சொல்கிறார்கள்: இயற்பியல், உயிரியல், மூளை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேக அறை, குமிழ் அறை, அகார் தட்டு எல்லாவற்றிலும் அவர் செய்தது ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாததைப் படமாக்கினார். படங்கள் குவிந்தன. குவிந்ததை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. அதற்குப் பிறகு, பார்ப்பது என்றால் என்ன என்பதுதானே வர வேண்டிய கேள்வி?

குமிழ் அறைப் படங்களைப் பார்த்தவர்களைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர்களை ஸ்கேனர்கள் என்றே அழைத்தார்கள். பெரும்பாலும் பெண்கள். பெர்க்லி, புரூக்ஹேவன், ஜெனீவா என்று எல்லா இடங்களிலும், ஒளி விழும் பெரிய மேஜைகளின் முன் உட்கார்ந்து, ஒவ்வொரு பிலிமாக நகர்த்துவார்கள். சாதாரணத் தடங்கள் நூற்றுக்கணக்கில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். அவற்றுக்கு நடுவே, எங்கிருந்தோ திடீரென்று முளைக்கும் ஒரு V, கொஞ்ச தூரம் போய் முறியும் ஒரு கோடு, இவற்றைக் கண்டு குறித்துக்கொள்ள வேண்டும். பலர் இயற்பியல் படித்தவர்கள் அல்லர். பழகிய கண் அரைநொடியில் கண்டுபிடித்துவிடும். பெரிய கண்டுபிடிப்புகளின் முதல் பார்வை பல நேரம் இவர்களுடையது. கட்டுரைகளில் பெரும்பாலும் அவர்கள் பெயர் இல்லை. இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இந்த வேலையை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க முனைந்தபோதுதான் அது எவ்வளவு கடினம் என்று இயற்பியலாளர்களுக்கு உறைத்தது. குமிழ்த் தடம் என்பது உண்மையில் தனித்தனிப் புள்ளிகள்தாம். அவற்றைக் கோடாகச் சேர்ப்பது நம் மூளை. எந்தப் புள்ளி எந்தக் கோட்டைச் சேர்ந்தது என்று கணினிக்கு எப்படிச் சொல்வது? 1959-இல் பால் ஹஃப் என்ற இயற்பியலாளர் அதற்கு ஒரு கணித வழி கண்டார். 1962-இல் காப்புரிமை பெற்ற அந்த முறை ஹஃப் உருமாற்றம் எனப்படுகிறது. இன்று சாலையில் வெள்ளைக் கோட்டைக் கண்டுபிடிக்கும் கார் கேமரா நிரல்களிலும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதே 1959-இல், டேவிட் ஹூபெலும் டார்ஸ்டன் வீசலும் பூனையின் மூளையில், குறிப்பிட்ட சாய்வில் உள்ள கோட்டைக் காட்டினால் மட்டும் துடிக்கும் நரம்பு செல்கள் இருப்பதை வெளியிட்டார்கள். கோடு தேடும் கணக்கு ஏற்கெனவே தலைக்குள் இருக்கிறது. 1981-இல் அவர்கள் இருவருக்கும் நோபல் கிடைத்தது.

கிளேசர் முழுமூச்சாகப் பார்வை ஆராய்ச்சிக்கு வந்தது இதற்குப் பிறகுதான். 1980-களின் முடிவில் பெர்க்லியில் அவருடைய பதவியின் பெயரிலேயே இயற்பியலோடு நரம்பியலும் சேர்ந்திருந்தது. மனிதர்களைத் திரைமுன் உட்கார வைத்து, அவர்களுக்கு என்ன தெரிகிறது என்று அளப்பது. அளந்ததை விளக்கக் கூடிய கணித மாதிரியைக் கட்டுவது. இந்த இரண்டும்தான் வேலை. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. சில பேர் கொண்ட குழு, ஒரு கணினி, இருட்டறை போதும்.

அவர் ஆராய்ந்த ஒன்றை நம் கல்லூரி ஆய்வகத்திலேயே காட்ட முடியும். நியூட்டன் வளையச் சோதனையில் நகரும் நுண்ணோக்கியின் அளவை எடுக்கும் பிள்ளைகளைப் பாருங்கள். சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சம், கையில் லென்ஸ், வெர்னியரின் ஐம்பது கோடுகளில் எது முதன்மைக் கோலின் கோட்டோடு நேராக நிற்கிறது என்று குனிந்து பார்ப்பார்கள். “27 சார்” என்பார் ஒருவர். “இல்ல சார், 28” என்பார் பக்கத்தில் நிற்பவர். அந்த இரண்டு கோடுகளுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. இதை வைத்துச் சண்டை போடும் அளவுக்கு அவர்களுக்கு அது தெரிகிறது என்பதே வியப்பு.

ஏன் வியப்பு என்றால், கண்ணின் விழித்திரையில் ஒளியைப் பிடிக்கும் கூம்பு செல்கள், மிக நெருக்கமாக அமைந்திருக்கும் நடுப்பகுதியிலும், கோணக் கணக்கில் சுமார் 30 விநாடி இடைவெளியில்தான் இருக்கின்றன. ஒரு கோணப் பாகையில் 3,600 விநாடிகள் உண்டு. செல்களின் இடைவெளியைவிட நுணுக்கமான எதையும் கண் பிரித்தறியக் கூடாது. ஆனால் இரண்டு கோடுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா, சற்று விலகியிருக்கின்றனவா என்பதை மனிதர்கள் 5 விநாடி வரை துல்லியமாகச் சொல்கிறார்கள். ஒரு மீட்டர் தூரத்தில் அது தலைமுடியின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவு. கண் கொடுக்காத நுணுக்கத்தை மூளை கணக்கிட்டு எடுக்கிறது. பல செல்களில் விழுந்த ஒளியின் ஏற்ற இறக்கத்தை ஒப்பிட்டு, கோடு எங்கே நிற்கிறது என்று செல்களின் இடைவெளிக்கும் கீழே போய்ச் சொல்லிவிடுகிறது. குமிழ் அறைப் படத்தில் தடத்தின் இடத்தைக் கணிக்க இயற்பியலாளர் போடும் கணக்கும் இதே வகைதான். வெர்னியர் பார்வை என்றே இதற்குப் பெயர். பயிற்சியில்லாத ஆட்களை உட்கார வைத்து, இந்தத் திறன் ஆளுக்கு ஆள் எவ்வளவு வேறுபடுகிறது, பழகப் பழக எப்படி மாறுகிறது என்பதைக் கிளேசரும் டி. குமார் என்ற சக ஆய்வாளரும் 1990-களின் தொடக்கத்தில் ஆராய்ந்து வெளியிட்டார்கள்.

அதே காலத்தில் இருவரும் சேர்ந்து ஆழம் பற்றியும் ஆராய்ந்தார்கள். நம் இரு கண்களுக்கும் நடுவே ஆறேழு சென்டிமீட்டர் இருப்பதால், ஒவ்வொரு கண்ணிலும் விழும் படம் சற்று மாறியிருக்கும். அந்த மாற்றத்திலிருந்து மூளை தொலைவைக் கணிக்கிறது. ஒற்றைக் கோட்டை மட்டும் காட்டி அது முன்னே இருக்கிறதா, பின்னே இருக்கிறதா என்று கேட்டால் துல்லியம் குறைகிறது. பக்கத்தில் வேறு சில கோடுகளைச் சேர்த்தால் கூடுகிறது. கோடுகள் கூடினால் குழப்பம் கூடும் என்றுதான் நாம் நினைப்போம். மூளைக்கோ ஒப்பிட்டுப் பார்க்கத் துணை தேவைப்படுகிறது. பிறகு கிளேசர் அசைவின் பக்கம் திரும்பினார். அக்கம்பக்கத்துச் செல்களோடு பின்னப்பட்ட நரம்பு அடுக்கு ஒன்றில் அலைகள் பரவுவதன் மூலமே மூளை அசைவைக் கண்டுகொள்ளக்கூடும் என்ற கணித மாதிரியை 2000-களின் தொடக்கத்தில் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தது.

பார்வை ஆராய்ச்சியில் அவர் ஹூபெல், வீசல் அளவுக்குப் பெயர் எடுக்கவில்லை. குமிழ் அறை போன்ற ஒன்று அங்கே அவர் கையிலிருந்து வரவில்லை. மூளையின் பார்வை வழிகள் அவ்வளவு எளிதில் வசப்படுபவை அல்ல. விழித்திரையில் பத்துக் கோடிக்கு மேற்பட்ட ஒளி செல்களின் செய்தியை ஏறக்குறைய பத்து லட்சம் நரம்பிழைகளுக்குள் சுருக்கி மூளைக்கு அனுப்புவதில் தொடங்கி எத்தனையோ முடிச்சுகள் இன்னும் அவிழாமல் கிடக்கின்றன. ஒருவருடைய ஆராய்ச்சி வாழ்க்கையைப் பரிசை வைத்து மட்டும் எடை போட்டால் கிளேசரின் பிற்பாதி ஐம்பது ஆண்டுகளும் கணக்கில் வராமல் போகும். அந்தக் கணக்கு தவறு என்பது என் உறுதியான எண்ணம். தனக்கு எட்டாமல் போகக்கூடிய கேள்விகளைத் தெரிந்தே எடுத்துக்கொண்டு ஐம்பது ஆண்டு உழைத்த ஒருவர் நமக்கு வேண்டும்.

2013 பிப்ரவரி 28 அன்று பெர்க்லியில் தம் வீட்டில் அவர் காலமானார். வயது 86.

கிளேசர் துறைவிட்டுத் துறை போனார்; நம் ஊரிலோ பதினோராம் வகுப்பில் சேரும்போதே, கணிதமா உயிரியலா என்று பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறோம். இயற்பியல் முதுகலை முடித்த ஒரு பிள்ளை நரம்பியல் படிக்க ஆசைப்பட்டால், ‘உனக்கு உயிரியல் அடிப்படை இல்லையே’ என்ற பதிலோடு கதவு மூடிக்கொள்கிறது. இதற்கு நடுவே சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருப்பருவ மூளைகளை மெல்லிய சீவல்களாக்கி, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சீவல்களைச் செல் அளவுக்குத் துல்லியமாகப் படமெடுத்து, 2024-இல் உலகத்துக்கு இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறது. அந்த மையத்தை வழிநடத்துவோரில் பொறியாளர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். குவியும் படங்களைப் படிக்க இயற்பியலும் கணிதமும் தெரிந்த கண்கள் நூற்றுக்கணக்கில் தேவை. கல்லூரியில் பாடத்திட்டம் வகுக்கும் இடத்தில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: இயற்பியல் மாணவருக்கு மூளை அறிவியலில் ஒரு விருப்பப் பாடமாவது வையுங்கள். உயிரியல் துறை, இயற்பியல் பிள்ளையைத் தன் ஆய்வகத்துக்குள் வர விடட்டும். பெற்றோரிடம் கேட்பதும் ஒன்றுதான். படித்ததை விட்டுவிட்டு வேறொன்றைப் படிக்கப் போகிறேன் என்று உங்கள் மகளோ மகனோ வந்து நின்றால், வருடம் வீணாகிவிட்டதே என்று கவலைப்படுவதற்கு முன், என்ன கேள்வியைத் தேடிப் போகிறாய் என்று உட்கார வைத்துக் கேளுங்கள்.